நீல டிரம்மின் அடியில் ஒரு கைப்பிடி

என்னை யாராவது "போடா புண்ணாக்கு" என்று திட்டினால் எனக்குக் கோபமே வந்ததில்லை. முப்பது வருசத்துக்கு மேல் அதைத்தான் விற்றேன். விற்றது மட்டுமில்லை, தின்றும் பார்த்தேன். கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தீவனக் கடையில் கடலைப் புண்ணாக்கு மூட்டை வந்து இறங்கினால் முதல் துண்டு என் வாய்க்குத்தான். மென்று பார்த்து, காறல் அடிக்கிறதா, பூசணம் பிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். தவிட்டுக்கு அதுவும் வேண்டாம். மூட்டைக்குப் பக்கத்தில் நடந்து போனாலே மூக்கு சொல்லிவிடும். படிப்பில் வாங்காத பட்டத்தை எல்லாம் எனக்கு இந்த மூக்குதான் வாங்கிக் கொடுத்தது.

அதே மூக்கு ஒரு மழைக்காலத்தில் என் மானத்தை வாங்கிய கதையை, புதிதாகக் கவுன்டருக்கு வந்திருக்கும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். என் முழங்கால் ஓய்வு வாங்கி ரெண்டு வருசமாகிறது, அதனால் முதலாளி அடிக்க வரமாட்டார் என்ற தைரியம். உங்களுக்கு மாட்டுத் தீவனம் அவ்வளவாகத் தெரியாது, பரவாயில்லை. நீங்கள் விற்பதில் பாதி இப்போது நாய்த் தீவனம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

நாய்த் தீவனம் கடைக்கு வந்த புதிதில் பையில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் விற்றேன். படத்தில் நாய் சிரித்தால் நல்ல சரக்கு. நாக்கைத் தொங்கப் போட்டிருந்தால் ரொம்ப நல்ல சரக்கு. ஒரு வாத்தியார் தன்னுடைய பத்து வயசு நாய்க்குக் கேட்டார். குட்டி நாய் படம் போட்ட பை அழகாக இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். "சார், இது குட்டிங்களுக்குல்ல போட்டிருக்கு?" என்று அவர் வீட்டம்மா கேட்டார்கள். "தின்னா குட்டி மாதிரி ஆயிடும்மா" என்றேன். ரெண்டு மாசத்தில் நாய் உருண்டையாகிவிட்டது. வாத்தியார் அதை வாக்கிங் கூட்டிப் போவார், அது பாதி வழியில் உட்கார்ந்துவிடும், மீதி வழிக்கு அவர் தூக்கிக்கொண்டு வருவார். கடைசியில் இளைத்தது வாத்தியார்தான். வளரும் குட்டிக்கு ஒரு தீவனம், வளர்ந்து முடித்ததற்கு ஒன்று என்பதை எனக்கு அவருடைய இடுப்பு வலி சொல்லிக் கொடுத்தது.

அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. இனிமேல் சொல்லப்போவது அப்படியில்லை.

இங்கிட்டு அப்போது யாரும் நாய்த் தீவனத்தைப் பையாக வாங்க மாட்டார்கள். "அரைக் கிலோ போடுங்கண்ணே" என்பார்கள். அதற்காக மூடி போட்ட நீல டிரம் ஒன்று வாங்கி, பெரிய மூட்டையைப் பிரித்து அதில் கொட்டி வைத்து, கேட்பவர்களுக்குக் கவரில் அள்ளிப் போடுவேன். டிரம்மை வாங்கியதும் நான்தான், குங்குமம் வைத்ததும் நான்தான்.

தீவனக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். தவிட்டுத் தொட்டியை அடி தெரிய வழிக்கக் கூடாது. ஒரு கைப்பிடியாவது அடியில் கிடக்க வேண்டும். அதன் மேல்தான் புதுச் சரக்கைக் கொட்ட வேண்டும். வழித்துவிட்டால் லட்சுமி எழுந்து போய்விடுவாள். நம் வீடுகளில் அரிசிப் பானைக்குப் பார்க்கிற அதே கணக்குதான். நான் அதை நீல டிரம்முக்கும் பார்த்தேன். யாரும் சொல்லாமல், நானாக. நாய்த் தீவனத்தில் உட்கார லட்சுமிக்கு இஷ்டமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தவிட்டில் அந்தக் கைப்பிடி கெட்டிருந்தால் என் மூக்கு அன்றைக்கே பிடித்திருக்கும். இங்கே ஒரு சிக்கல். நான் கவிச்சி சேர்க்காதவன். நாய்த் தீவனத்தில் கோழி வாடை, மீன் வாடை எல்லாம் வரும். அதனால் டிரம்மைத் திறக்கும்போது நீச்சல் குளத்தில் குதிப்பவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அள்ளி, நிறுத்து, மூடியைப் போட்ட பிறகுதான் மூச்சு விடுவேன். ஊரே மெச்சிய மூக்கு, அந்த ஒரு டிரம்முக்கு மட்டும் லீவு.

செல்வராணி எங்கள் கடையின் தவறாத வாடிக்கை. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் இறங்கி, நேராக எங்கள் கடைக்கு வந்து அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும். வீட்டுக்காரர் துபாயில். பிள்ளைகள் இல்லை. வீட்டில் இன்னொரு உயிர் என்றால் அது ஒரு செவலை நாட்டு நாய். அதன் பெயரும் துபாய்.

"ஏம்மா, நாய்க்கு இப்படியா பேரு வெப்பாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அந்தத் துபாயக் கூப்புட்டா வர மாட்டேங்குதுண்ணே. இதாவது வருதுல்ல" என்றது.

அந்த வருசம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தீவன வண்டி நாலைந்து நாளாக வரவில்லை. டிரம் குறைந்துகொண்டே போய், கடைசிக் கைப்பிடியில் வந்து நின்றது. அன்றைக்கு என்று பார்த்து செல்வராணி நனைந்துகொண்டு வந்து நின்றது.

"காலியாயிருச்சும்மா. நாளைக்கு வண்டி வந்துரும்."

"அண்ணே, துபாய் வேற எதையும் தொடாது. சோத்த வெச்சா என்னைய மொறைக்கிது. கொஞ்சமாவது பாருங்கண்ணே."

எனக்கு மனசு கேட்கவில்லை. எந்த அடிக் கைப்பிடியை ரெண்டு வருசமாகக் காப்பாற்றி வந்தேனோ, அதைப் பாசத்தோடு சுரண்டி, உதிர்த்து, கவரில் போட்டுக் கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். காசுகூட வாங்கவில்லை. "லட்சுமியையே ஒனக்குக் குடுத்துட்டேன் போ" என்று தமாஷ் வேறு. அந்தத் தமாஷை நினைத்தால் இன்றைக்கும் என் காதைப் பிடித்து நானே திருகிக்கொள்கிறேன்.

மறுநாள் வண்டி வந்தது. புது மூட்டையை இறக்கி வைத்தேன், இன்னும் பிரிக்கவில்லை. அதற்கும் ரெண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், செல்வராணி போனில் கூப்பிட்டது. வேலைக்குப் போகவில்லை. மாட்டாஸ்பத்திரியிலிருந்து பேசியது.

"அண்ணே, துபாய் முந்தாநாள்லேருந்து வாந்தி எடுக்குது. படுத்தே கெடக்கு. டாக்டரம்மா என்ன சாப்பாடு குடுத்தேன்னு கேக்குறாங்க. பையக் கொண்டான்னாங்க. நம்மகிட்ட ஏதுண்ணே பை? பேரும் தேதியும் சொல்லுங்கண்ணே, சீக்கிரம்."

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். பக்கத்திலேயே புது மூட்டை இருந்தது. நான் எட்டிப் பார்த்து, கம்பெனிப் பெயரையும் தயாரித்த தேதியையும் கணீரென்று வாசித்தேன். "போன மாசம் போட்ட சரக்கும்மா, கெட்டுப்போக வாய்ப்பே இல்ல. வேற எங்கயாவது எதையாவது தின்னிருக்கும்" என்றேன். நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. கடையின் பெயரைக் காப்பாற்ற நாக்கு ஓடியது, அதன் பின்னால் மூளை மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தது. வாசித்தது அந்த மூட்டையின் தேதிதான், சரிதான். ஆனால் துபாய் தின்றது அந்த மூட்டையை இல்லை.

போனை வைத்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

போய் டிரம்மைத் திறந்தேன். முதல் தடவையாக மூச்சைப் பிடிக்காமல் தலையை உள்ளே விட்டேன். கோழியும் இல்லை, மீனும் இல்லை. மழையில் நனைந்த பழைய புண்ணாக்கு மூட்டையின் வாடை. எந்த வாடைக்காக எத்தனையோ மூட்டைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேனோ, அதே பூசண வாடை. கையை விட்டுத் தடவினேன். அடியோரத்தில் தீவனம் கட்டியாகி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பெயர்த்து வெளிச்சத்தில் பார்த்தால் பச்சையும் சாம்பலுமாகத் தூசி பறந்தது.

முதலாளி அறந்தாங்கியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போன் போட்டுச் சொன்னேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"ஏப்பா, யாராவது பாத்தாங்களா?" என்றார்.

"இல்லைங்க."

"கழுவிக் கவுத்துடு. கேட்டா தெரியாதுன்னு சொல்லு. ஒரு நாய்க்காக ஊரு பூரா நம்ம கடையப் பத்திப் பேசணுமா?"

அவரைக் குறை சொல்லவில்லை. கழுவுவதற்கு வாளியை எடுத்தது நானேதான். குழாயைக்கூடத் திறந்துவிட்டேன். தண்ணீர் வாளியில் விழுகிற சத்தத்தில் செல்வராணி சொன்னது ஞாபகம் வந்தது. "இதாவது வருதுல்ல." அந்த வீட்டில் கூப்பிட்டால் வருவது அது ஒன்றுதான். குழாயை மூடினேன்.

திரும்பப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. அப்பாடா, இனி சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நிமிசம் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது பாருங்கள், அதுதான் மனுச புத்தி. பிறகு டிரம்மைத் தூக்கி மொபெட்டின் முன்னால் வைத்து, காலை அகட்டிக்கொண்டு, மழைத் தூறலில் கிளம்பினேன். கடைவீதியில் ரெண்டு பேர் கையைக் காட்டி நிறுத்தி, "அண்ணே, அரைக் கிலோ" என்றார்கள்.

மாட்டாஸ்பத்திரியில் அன்றைக்கு நல்ல கூட்டம். ஆடு பிடித்தவர்களும் கன்றுக்குட்டி பிடித்தவர்களும் வரிசையில் நின்றார்கள். நான் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். "வரிசையில வாய்யா" என்று ஒருவர் சத்தம் போட்டார். "உன்னுதுக்கு என்ன நோவு?" என்று இன்னொருவர். "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டு ஓடினேன். சிரிப்பதா என்று எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

துபாய் மேசையில் கிடந்தது. என்னைக் கண்டால் கடை வாசலிலேயே குதிக்கிற நாய், கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தது. செல்வராணி அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். என் பாதி வயசுகூட இருக்காது.

"டாக்டரம்மா, நான் போன்ல சொன்ன தேதி தப்பு. இது தின்னது அந்த மூட்ட இல்ல. இதுலேருந்துதான் குடுத்தேன்."

அவர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு குச்சியால் கட்டியைப் பெயர்த்தார்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"டிரம் வாங்கி ரெண்டு வருசமாகுதுங்க."

"நான் டிரம்மோட வயசக் கேக்கல."

"ரெண்டுக்கும் ஒரே வயசுதாங்க" என்றேன்.

செல்வராணி நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிறகு குனிந்து துபாயின் தலையைத் தடவ ஆரம்பித்தது.

டாக்டரம்மா துபாயின் உதட்டைத் தூக்கி ஈறை மறுபடியும் பார்த்தார். லேசான மஞ்சள். "தீவனத்துல கொறையில்லன்னு நீங்க சொன்னதால உண்ணிக் காய்ச்சல்னு நெனச்சிட்டிருந்தேன். பூசணம் பிடிச்ச தீவனம்னா ஈரல அடிக்கும். ரத்தம் எடுத்துப் பாக்குறேன், ஆனா அதுக்காகக் காத்திருக்க வேணாம்" என்று சொல்லிக்கொண்டே டிரிப் பாட்டிலை மாட்டினார். போடுவதாக இருந்த ஏதோ ஒரு மருந்தை எடுத்து ஓரமாக வைத்தார். கட்டியில் கொஞ்சத்தை ஒரு கவரில் போட்டு ஒட்டினார். எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"கெட்ட தீவனம் விக்கிறது தப்பு. ஆனா இத இன்னும் மோசமாக்கியிருக்கும் நீங்க வாசிச்ச தேதி. நல்ல வேளை, வந்தீங்க."

கடையில் எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறார்கள். எதுவும் உள்ளே இறங்கியதில்லை. இது இறங்கியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாலு வினாடி ஆகும். தெரிந்த மாதிரி சொல்ல ஒரு வினாடி. அந்த மூன்று வினாடி அவசரத்தை மட்டும் கவுன்டரில் காட்டாதீர்கள்.

"பொழச்சிருமா டாக்டரம்மா?" என்று செல்வராணி கேட்டது.

"ரெண்டு நாள் தாண்டட்டும்" என்றார்.

அந்த ரெண்டு நாளும் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. அந்த டிரம்மிலிருந்து வேறு யார் வாங்கினார்கள்? அவர்கள் நாய்கள்? முதலாளி கல்யாணச் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் வந்து சேர்ந்தார். வாசலில் நின்று பத்து நிமிசம் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "சரி, வண்டியில ஏறு. எந்தெந்த வீடு?" என்றார். அவர் அப்படித்தான். வாய் ஒரு பக்கம் போகும், கால் சரியான பக்கம் போகும்.

"மேலத்தெருவுல டைகர், பள்ளிக்கூடத்துக்கிட்ட ஜிம்மி, அப்புறம் ரோஸி…"

"வீட்டுக்காரங்க பேரச் சொல்லுய்யா."

"நாய் பேருதாங்க தெரியும்."

ஆக, கீரனூரில் ரெண்டு பெரிய மனிதர்கள் தெருத் தெருவாகப் போய், "ஜிம்மி இருக்காங்களா?" என்று விசாரித்தோம். பையோ சீட்டோ கொடுக்காமல் கவரில் அள்ளிப் போட்டால் இதுதான் கதி. எந்தச் சரக்கு எந்த வீட்டுக்குப் போனது என்று கண்டுபிடிக்கக் குரைக்கிற சத்தத்தைத்தான் நம்ப வேண்டும். டைகர் நன்றாக இருந்தது, என்னைக் கடிக்கிற அளவுக்கு. ஜிம்மியும் ரோஸியும் வாலை ஆட்டின. அவர்கள் எல்லோரும் மேலாக இருந்த சரக்கைத்தான் வாங்கியிருக்கிறார்கள். இருந்தாலும் மிச்சமிருந்ததை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டோம். ஒரு வீட்டில் மட்டும் அந்த ஆள், "நீங்க குடுக்குறத எங்க நாய் மோந்துகூடப் பாக்காதுங்க, நான் மீனுக்குல்ல போடுறேன்" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். "மீனு நல்லாருக்கா?" என்று கேட்டேன். "நேத்துத்தான் கொழம்பு வெச்சோம்" என்றார். நீங்களும் நல்லா இருக்கீங்களா என்று கேட்க வாயெடுத்தேன், முதலாளி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் செல்வராணி வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தினேன். உள்ளே போகக் கால் வரவில்லை. ஹாரன் அடிக்கவும் பயம். இஞ்சினை அணைத்துவிட்டு நின்றேன். உள்ளேயிருந்து ஒரு குரைப்பு. கம்மிய தொண்டையில், பாதியில் நின்றுபோன குரைப்பு. அதற்குப் பின்னால் செல்வராணியின் குரல்: "அண்ணே, ஒங்க வண்டிச் சத்தத்துக்குத்தான்ணே! ரெண்டு நாளைக்கப்புறம் இப்பத்தான் வாயத் தெறக்குது!"

என்னைத் திட்டுவதற்காகவாவது எழுந்து உட்கார்ந்துவிட்டதே. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மழை நின்று ரொம்ப நேரமாகியிருந்தது.

அதற்குப் பிறகு கடையில் லூஸ் விற்பனை நின்றது. முதலாளியே அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். சின்னப் பை, ஒட்டுப் பிரியாத பை மட்டும். வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கு முன்னால் தேதியை நானும் படித்து, அவர்களையும் படிக்க வைத்தேன். குட்டிக்கா, வளர்ந்ததுக்கா, இது மட்டுமே போட்டால் போதுமா, இல்லை சும்மா தின்பண்டமா என்று பையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், முன்பக்கத்து நாய் எவ்வளவு சிரித்தாலும் அதைத் தாண்டிப் பின்பக்கம் போகச் சொன்னேன். வீட்டில் போய் டப்பாவில் கொட்டாதீர்கள், பையை மடித்து அதே பையோடு டப்பாவுக்குள் வையுங்கள், ஏதாவது ஒன்று என்றால் டாக்டருக்குக் காட்டப் பை வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்கூட என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தார்கள். அடிக் கைப்பிடி மேல் வைத்திருந்த பழைய பாசம் போய்விட்டது. தவிட்டுத் தொட்டியைக்கூட அடி தெரிய வழித்த பிறகுதான் புதுசைக் கொட்டினேன். லட்சுமி கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. அவளுக்கும் இந்தப் பூசண வாடை பிடித்திருக்காது போல.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் செல்வராணி வந்தது. கூடவே சங்கிலியில் துபாய். மெலிந்திருந்தது, ஆனால் நாலு காலில் நின்றது. டாக்டரம்மா சொன்னபடி கஞ்சி, சோறு எல்லாம் முடிந்து, இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் சேர்க்கலாமாம். வேறு கடைக்குப் போயிருக்கலாம். திருச்சியில் கடையா இல்லை? இங்கேதான் வந்தது.

நான் ஒரு சின்னப் பையை எடுத்துத் தேதியை வாசிக்க ஆரம்பித்தேன். செல்வராணி பையை வாங்கி, தானே வாசித்தது. ஒட்டை அழுத்திப் பார்த்தது. பிறகு பையைப் பிரித்து என் முன்னால் நீட்டியது.

"மோந்து பாருங்கண்ணே."

"புதுசும்மா. ஒட்டுகூடப் பிரியல."

"ஒங்க மூக்கத்தான் ஊரே சொல்லுது. மூச்சப் பிடிக்காம பாருங்க."

முப்பது வருசம் மென்ற புண்ணாக்கைவிட அந்த ஒரு மூச்சு எனக்குக் கஷ்டமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகம் முழுவதையும் பைக்குள் விட்டு நன்றாக இழுத்தேன். கோழி வாடை குப்பென்று ஏறியது. சுத்தமான, புதுசான கோழி வாடை. அதற்குள் கன்னத்தில் ஈரமாக ஏதோ இடித்தது. துபாய் எம்பி, அதே பைக்குள் தன் மூஞ்சியையும் விட்டிருந்தது. ரெண்டு பேரும் ஒரே பைக்குள் முட்டிக்கொண்டு நிற்க, செல்வராணி செல்போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டது.

பையில் பாதியைத் துபாய் அங்கேயே தின்னப் பார்த்தது. பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரரிடமிருந்து வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. செல்வராணி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தது.

"அப்பாடா, எந்திரிச்சு நிக்கிதா! ரொம்ப சந்தோசம். சரி, இதுல நம்மளுது எது?"

முதலாளி கல்லாவில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். துபாய் வாலை ஆட்டியது. எனக்கு ஆட்டுவதற்கு வால் இல்லை, அதனால் நானும் சிரித்துவிட்டேன்.